விரைவுச்சாலைக்கு முன்பே வந்த ரேஸ் ட்ராக்: ஜப்பானியப் பந்தய வரலாறு, புதிதாகப் படிப்பவர்களுக்கு

ஜப்பானின் முதல் விரைவுச்சாலை 1963 ஜூலையில் திறக்கப்பட்டது. நகோயாவையும் கோபேயையும் இணைக்கும் மெய்ஷின் சாலையின் ஒரு பகுதி அது, 71 கிலோமீட்டர் நீளம். ஆனால் சுசூகா ரேஸ் சர்க்யூட் 1962 செப்டம்பரிலேயே திறந்தாகிவிட்டது. காரை 100 கிலோமீட்டர் வேகத்தில் நிம்மதியாக ஓட்ட ஒரு பொதுச் சாலைகூட இல்லாத நாட்டில், பந்தயம் ஓட்ட 6 கிலோமீட்டர் தார்ப்பாதை தயாராக இருந்தது.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் ஜப்பானியப் பந்தய வரலாற்றில் பாதி புரிந்துவிடும். ஐரோப்பாவில் முதலில் சாலை இருந்தது, அப்புறம் கார் வந்தது, கார் வாங்க வசதி இருந்தவர்கள் ஊர்விட்டு ஊர் போட்டி போட்டார்கள். 1894-இல் பாரிஸிலிருந்து ருவான் வரை ஓடியது அப்படித்தான். பொதுச் சாலையில் விபத்துகள் பெருகிய பிறகுதான் மூடிய சர்க்யூட்கள் வந்தன. ஜப்பானில் 1956-இல்கூட முதல்நிலைத் தேசிய நெடுஞ்சாலைகளில் முக்கால் பங்குக்கு மேல் தார் கிடையாது. அரசு அழைத்து வந்த அமெரிக்க நிபுணர் குழு, தொழில்வளம் பெற்ற வேறெந்த நாடும் சாலைகளை இவ்வளவு கைவிட்டதில்லை என்றே எழுதிவைத்தது. அப்படியானால் வண்டி தயாரிக்கிற கம்பெனி தன் வண்டியை வேகமாக ஓட்டிப் பார்க்க எங்கே போகும்? அந்த இடத்தைத் தேடிப் போன கதைதான் ஜப்பானியப் பந்தய வரலாறு. இதில் ஓட்டுநர்களுக்கு இருக்கும் அதே இடம் தொழிற்சாலைக்கும், பொறியாளருக்கும், பட்டறைப் பையனுக்கும் உண்டு. எனக்கு இந்த வரலாறு பிடித்துப்போனதற்கு அதுவே காரணம்.

ஆற்றங்கரை ட்ராக்

ஜப்பானின் ஆரம்பகாலக் கார் பந்தயம் 1922-இல் டோக்கியோவின் சுசாகியில், கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில் நடந்தது. அமெரிக்காவில் பந்தயங்களைப் பார்த்துத் திரும்பிய குன்ஜி ஃபுஜிமோட்டோ அதை முன்னின்று நடத்தினார். நிலையான ட்ராக் எதுவும் இல்லை. ராணுவ அணிவகுப்புத் திடல், விமானத் திடல், குதிரைப் பந்தய மைதானம் என்று கிடைத்த இடத்தில் ஓட்டினார்கள்.

அந்தக் காலத்து டோக்கியோவில் ஆர்ட் ஷோகாய் என்று ஒரு கார் பழுதுபார்க்கும் பட்டறை இருந்தது. அதன் முதலாளி யூஸோ சகாகிபரா, கர்ட்டிஸ் என்ற அமெரிக்க விமான எஞ்சினை மிட்செல் காரின் சேஸிஸில் பொருத்தி ஒரு ரேஸ் காரை உருவாக்கினார். 1924 நவம்பரில் அந்தக் கார் ஜெயித்தது. ஓட்டியவர் முதலாளியின் தம்பி. பக்கத்து இருக்கையில் மெக்கானிக்காக உட்கார்ந்திருந்த பையனின் பெயர் சோய்சிரோ ஹோண்டா. அந்தக் காருக்கு மரத்தில் சக்கர ஆரங்களைச் செதுக்கியதும் அவர்தான். கார் இன்றும் மொத்தேகியிலுள்ள ஹோண்டா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாட்டின் முதல் நிலையான சர்க்யூட் 1936-இல் கவாசாகி நகரில், தமா ஆற்றங்கரையில் வந்தது. தமாகவா ஸ்பீட்வே என்று பெயர். சுமார் 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள முட்டை வடிவ மண் ட்ராக். ஆற்றின் கரையையே படிக்கட்டாக வெட்டி கான்கிரீட் பார்வையாளர் மாடம் கட்டியிருந்தார்கள். அங்கே ஜூன் 7-ஆம் தேதி நடந்த முதல் போட்டியில் இரண்டு சம்பவங்கள் நடந்தன.

முதலாவது, ஹோண்டாவின் விபத்து. அதற்குள் ஹமமாட்சுவில் சொந்தப் பட்டறை வைத்திருந்த அவர், தானே மாற்றியமைத்த காரில் தம்பி பெஞ்சிரோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினார். வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது இன்னொரு காரில் மோதி, கார் உருண்டு, அண்ணன் தம்பி இருவரும் வெளியே தூக்கி எறியப்பட்டார்கள். தம்பிக்குத்தான் பலத்த காயம்.

இரண்டாவது அவ்வளவாக யாருக்கும் தெரியாதது. சிறிய கார்கள் பிரிவில் ஓஹ்தா என்ற சின்னக் கம்பெனி, நிஸ்ஸானின் டாட்சன் கார்களைத் தோற்கடித்தது. பார்த்துக்கொண்டிருந்த நிஸ்ஸான் நிறுவனர் யோஷிசுகே அயுகவாவுக்குக் கோபம் தாங்கவில்லை. உடனே பந்தயத்துக்கென்றே கார் செய்யச் சொன்னார். அக்டோபரில் நடந்த அடுத்த போட்டியில் டாட்சன் ஜெயித்தது. தோற்ற கம்பெனித் தலைவர் கோபப்பட்டு ஆலைக்குத் திரும்புவது, சில மாதங்களில் புது இயந்திரம் பிறப்பது. இந்த வரிசை இனி பல முறை வரும்.

போர் வந்ததும் பெட்ரோல் பந்தயத்துக்குக் கிடைக்காமல் போனது. ட்ராக் மறைந்தாலும் பார்வையாளர் மாடம் மட்டும் ஆற்றங்கரையில் பல பத்தாண்டுகள் நின்றது. வெள்ளத்தடுப்புப் பணிக்காக 2021-இல் அதையும் இடித்துவிட்டார்கள். வெள்ளத்தைத் தடுக்கத்தான் வேண்டும், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

விமானம் செய்தவர்கள் கார் செய்ய வந்தார்கள்

1945-இல் போரில் தோற்றதும், நாட்டை ஆண்ட நேசநாட்டுப் படை ஜப்பானில் விமானத் தயாரிப்பைத் தடை செய்தது. 1952 வரை அந்தத் தடை நீடித்தது. நகாஜிமா, தச்சிகாவா போன்ற விமான ஆலைகளில் இருந்த பொறியாளர்கள் ஒரே நாளில் வேலையற்றுப்போனார்கள். எடை குறைந்த உலோகம், அதிகச் சுழற்சி எஞ்சின், காற்றோட்டம் இவற்றையெல்லாம் கரைத்துக் குடித்தவர்கள் கார், பைக், ஸ்கூட்டர் கம்பெனிகளுக்குள் வந்து சேர்ந்தார்கள். பிரின்ஸ் என்ற கார் கம்பெனியே இப்படிப்பட்டவர்களால் உருவானது. ஹோண்டாவின் ஃபார்முலா 1 அணியை நடத்திய யோஷியோ நகமுராவும் நகாஜிமாவில் விமான எஞ்சினில் வேலை பார்த்தவர்.

அதே காலத்தில் முற்றிலும் வேறு மாதிரியான ஒரு பந்தயமும் பிறந்தது. போரில் நொறுங்கிய நகராட்சிகளுக்கு வருமானம் வேண்டும். அதற்காக 1950-இல் சட்டம் போட்டு, பணம் கட்டி விளையாடும் பைக் பந்தயத்தை அரசே தொடங்கியது. ஆட்டோ ரேஸ் என்பார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஃபுனபாஷியில் முதல் பந்தயம் நடந்தது. இன்றும் கவாகுச்சி, இசெசாகி, ஹமமாட்சு, ஈஸுகா, சன்யோ என்று 5 இடங்களில் நடக்கிறது. பைக்குகளில் பிரேக் கிடையாது. 500 மீட்டர் முட்டை ட்ராக்கில் இடப்பக்கம் மட்டுமே திரும்ப வேண்டும் என்பதால் கைப்பிடியின் இடது பக்கம் மேலே தூக்கியிருக்கும். இடது காலணியின் அடியில் இரும்புத் தகடு. 1993-இலிருந்து எல்லாரும் சுசுகி செய்துகொடுக்கும் ஒரே வகை எஞ்சினைத்தான் ஓட்டுகிறார்கள். முறைகேடு நடக்கக்கூடாது என்று போட்டி நாட்களில் வீரர்களை விடுதியில் தங்கவைத்து, வெளித்தொடர்பையும் துண்டித்துவிடுவார்கள். உலக சாம்பியன்ஷிப் பைக் பந்தயங்களில் புகழ்பெற்ற நோரிக் அபேயின் அப்பா இந்த ஆட்டோ ரேஸ் வீரர்தான். பந்தய வரலாறு எழுதுகிற பலர் இதைச் சூதாட்டம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரேக் இல்லாத வண்டியை ஈரத் தரையில் சறுக்கவிட்டுத் திருப்புகிற திறமை திறமைதான்.

எரிமலைச் சாம்பலில் பயிற்சி

1950-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் நூற்றுக்கும் மேல் இருந்தன. சோதனைப் பாதை யாரிடமும் இல்லை. 1955 நவம்பரில் அசாமா எரிமலையின் அடிவாரத்து மண் சாலைகளை மூடி ஒரு போட்டி வைத்தார்கள். 125 சிசி பிரிவில் ஜெயித்தது அந்த ஆண்டு ஜூலையில்தான் தொடங்கப்பட்ட யமஹா, அதுவும் தன் முதல் மாடலான ஒய்ஏ-1 வண்டியில். பியானோவும் ஆர்மோனியமும் செய்துகொண்டிருந்த குழுமத்திலிருந்து வந்த வண்டி அது. பிறகு கம்பெனிகள் சேர்ந்து பணம் போட்டு அங்கேயே 9 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சோதனைப் பாதையை அமைத்தன. 1957-இலும் 1959-இலும் பந்தயம் அதில் நடந்தது. பாதை முழுக்க எரிமலைச் சாம்பலும் சரளையும்தான்.

இதற்கிடையில் 1954 மார்ச்சில் சோய்சிரோ ஹோண்டா ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: பிரிட்டனை அடுத்த மான் தீவில் நடக்கும் டிடி (டூரிஸ்ட் டிராபி) பைக் பந்தயத்தில் கலந்துகொள்வோம், ஜெயிப்போம். அப்போது கம்பெனி பணநெருக்கடியில் மூழ்கும் நிலையில் இருந்தது. சில மாதங்களில் அவரே மான் தீவுக்குப் போய்ப் பார்த்தார். ஜெர்மனியின் என்எஸ்யு பைக்குகள் அதே சிசி-யில் தன் எஞ்சினைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சக்தி தருவதைக் கண்டு அதிர்ந்துபோனார். ஊர் திரும்பும்போது டயர், செயின், கார்புரேட்டர் என்று கிடைத்த உதிரிபாகங்களை வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்.

5 ஆண்டு கழித்து, 1959-இல்தான் ஹோண்டா அணி மான் தீவில் இறங்கியது. 125 சிசி பிரிவில் நவோமி தனிகுச்சி 6-ஆவதாக வந்தார். அணிப் பரிசும் கிடைத்தது. 1961-இல் மைக் ஹெயில்வுட் ஹோண்டாவில் 125, 250 இரண்டு பிரிவையும் வென்றார். அதே ஆண்டு ஹாக்கன்ஹைமில் குனிமிட்சு தகஹாஷி ஜெயித்து, உலக சாம்பியன்ஷிப் பந்தயம் வென்ற முதல் ஜப்பானியர் ஆனார்.

சுசுகியின் கதையோ உளவுக் கதை மாதிரி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் அன்று முன்னணியில் இருந்தது கிழக்கு ஜெர்மனியின் எம்இஸட் கம்பெனி. அதன் பொறியாளர் வால்ட்டர் காடன், புகைபோக்கியின் வடிவத்தை மாற்றி, வெளியேறும் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, தப்பிக்கப் பார்க்கும் எரிபொருள் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும் முறையைச் செம்மைப்படுத்தியிருந்தார். அந்த அணியின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், 1961-இல் ஸ்வீடன் பந்தயத்தின்போது தப்பி மேற்கே போய்விட்டார். மனைவி, குழந்தைகளையும் அதே வேளையில் காரில் மறைத்து எல்லை கடத்தியிருந்தார்கள். டெக்னர் சேர்ந்தது சுசுகியில், அந்த எஞ்சின் ரகசியங்களோடு. 1962-இல் 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. அடுத்த ஆண்டு மிட்சுவோ இதோ மான் தீவின் 50 சிசி பந்தயத்தை சுசுகியில் வென்றார். இன்று சுசூகா சர்க்யூட்டில் ஃபார்முலா 1 பார்க்கும்போது டெக்னர் வளைவு என்று வர்ணனையாளர் சொன்னால், அது இவர் விழுந்த இடம்.

வயலைக் காப்பாற்றிய சர்க்யூட்

சுசூகாவைக் கட்டியது ஹோண்டா. முதலில் நெல் வயல்கள் உள்ள சமதளத்தைத்தான் பார்த்திருந்தார்கள். சோறு போடும் நிலத்தை அழிக்கக்கூடாது என்று சோய்சிரோ மறுத்துவிட்டதால் குன்றுப்பாங்கான இடத்துக்கு மாறியதாக ஹோண்டாவில் சொல்வார்கள். அந்த மேடுபள்ளம்தான் சுசூகாவின் அழகே. நெதர்லாந்தின் ஜான் ஹூகன்ஹோல்ட்ஸ் வடிவமைப்பைச் செம்மையாக்கினார். எட்டு வடிவம், ஓர் இடத்தில் பாதை தன் மேலேயே பாலமாகக் கடந்து போகும். பெரும்பாலான சர்க்யூட்களில் ஒரே திசையில் சுற்றுவதால் ஒரு பக்க டயர் அதிகம் தேயும். எட்டில் பாதி நேரம் வலஞ்சுழி, பாதி நேரம் இடஞ்சுழி.

1963 மே மாதம் அங்கே முதல் ஜப்பான் கிராண்ட் பிரீ நடந்தது. இது ஃபார்முலா 1 அல்ல. முக்கியப் பந்தயத்தை லோட்டஸ் 23 ஸ்போர்ட்ஸ் காரில் வென்றவர் பீட்டர் வார். பின்னாளில் லோட்டஸ் ஃபார்முலா 1 அணியை நிர்வகித்த அதே ஆள். ஆனால் ஜப்பானியக் கம்பெனிகளுக்கு முக்கியமாக இருந்தது சாதாரணக் கார்களின் பந்தயங்கள்தான். கார்களைத் தனியாக மெருகேற்ற வேண்டாம் என்று கம்பெனிகளுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. பிரின்ஸ் அதை அப்படியே கடைப்பிடித்து மோசமாகத் தோற்றது. டொயோட்டா தன் வெற்றிகளைப் பெரிய விளம்பரமாக்கியது. பிரின்ஸின் தலைவர் ஷோஜிரோ இஷிபாஷி, பிரிட்ஜ்ஸ்டோன் டயரை நிறுவியவர், கொதித்துப்போனார்.

அடுத்து நடந்ததைத்தான் ஜப்பானில் இன்றும் ஸ்கைலைன் புராணம் என்கிறார்கள். பிரின்ஸின் பொறியாளர்கள் தங்கள் சிறிய குடும்பக் காரான ஸ்கைலைனின் மூக்கை 200 மில்லிமீட்டர் நீட்டி, பெரிய கார் ஒன்றின் 6 சிலிண்டர் எஞ்சினை உள்ளே வைத்தார்கள். விதிப்படி 100 கார்கள் தயாரித்தால்தான் பந்தயத்தில் ஓட்ட முடியும், அதனால் 100 கார்கள் செய்தார்கள். 1964 மே மாதம் வெற்றி நிச்சயம் என்றிருந்த நேரத்தில், சோகிச்சி ஷிகிபா என்ற வீரர் போர்ஷே 904 காரோடு வந்து இறங்கினார். அது பந்தயத்துக்கென்றே பிறந்த கார். பயிற்சியில் அந்தக் கார் மோதி நொறுங்கியது. நகோயாவுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து பந்தயத்துக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஏழாவது சுற்றில் டெட்சு இகுஸாவாவின் ஸ்கைலைன் போர்ஷேயை முந்திக்கொண்டு பார்வையாளர் மாடத்தைக் கடந்தது. ஒரே ஒரு சுற்றுதான். மக்கள் எழுந்து நின்று கத்தினார்கள். கடைசியில் ஜெயித்தது போர்ஷே. 2-இலிருந்து 6 வரை ஸ்கைலைன்கள். தோற்ற பந்தயம்தான், ஆனால் ஒரு தலைமுறையின் நினைவில் பதிந்தது அந்தச் சுற்று. பிரின்ஸ் அதோடு நிற்கவில்லை. ஆர்380 என்ற முழுமையான ரேஸ் காரைக் கட்டி, 1966-இல் புதிதாகத் திறந்த ஃபூஜி ஸ்பீட்வேயில் போர்ஷே 906-ஐத் தோற்கடித்தது. அதே ஆண்டு பிரின்ஸ் நிஸ்ஸானோடு இணைந்தது. ஆர்380 எஞ்சினின் வழியில் வந்த எஸ்20 எஞ்சினோடு 1969-இல் முதல் ஸ்கைலைன் ஜிடி-ஆர் விற்பனைக்கு வந்தது. ஜிடி-ஆர் என்ற பெயருக்கு இன்று இருக்கும் மவுசுக்கு வேர், 1963-இல் வாங்கிய அடி.

கார் விற்றுப் பத்தே மாதத்தில் ஃபார்முலா 1

ஹோண்டாவின் முதல் கார் எஸ்500, 1963 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. 1964 ஆகஸ்ட் 2-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் சர்க்யூட்டில் ஹோண்டாவின் ஃபார்முலா 1 கார் ஓடியது. நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் தேதிகள் அப்படித்தான். அவர்கள் திட்டமிட்டது லோட்டஸுக்கு எஞ்சின் மட்டும் கொடுப்பது. கடைசி நேரத்தில் லோட்டஸ் பின்வாங்கியதால் முழுக் காரையும் தாங்களே செய்ய வேண்டியதாயிற்று. வெறும் 1.5 லிட்டரில் 12 சிலிண்டர், அதையும் பைக்கில் வைப்பதுபோல் குறுக்காக வைத்தார்கள். 1965 அக்டோபர் 24-இல் மெக்சிகோவில் ரிச்சி கிந்தர் முதல் வெற்றியைத் தந்தார். குட்இயர் டயருக்கும் ஃபார்முலா 1-இல் அதுதான் முதல் வெற்றி. கிந்தருக்கு அது ஒரே வெற்றி.

ஃபூஜி ஸ்பீட்வேயையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நாஸ்கார் பாணியில் பெரிய முட்டை வடிவ ட்ராக்காகத்தான் அதைத் திட்டமிட்டார்கள். பணம் போதவில்லை. ஒரு முனையில் மட்டும் 30 டிகிரி சாய்ந்த வளைவைக் கட்டிவிட்டு, மீதியைச் சாதாரண சர்க்யூட்டாக முடித்தார்கள். நீண்ட நேர்பாதையின் முழு வேகத்தில் அந்தச் சாய்வுக்குள் பாய வேண்டும். பல உயிர்களைக் குடித்த இடம். 1974-இல் இரண்டு வீரர்கள் இறந்த பிறகு மூடினார்கள்.

1976-இல் ஃபார்முலா 1 முதன்முதலாக ஜப்பானுக்கு வந்தது, அதே ஃபூஜிக்கு. ஜேம்ஸ் ஹன்ட்டும் நிக்கி லௌடாவும் உலகப் பட்டத்துக்கு மோதிய மழைப் பந்தயம் என்றுதான் எல்லாரும் பேசுவார்கள். கியோட்டோவின் சின்ன அணியான கோஜிமாவும் அன்று ஓடியது பலருக்குத் தெரியாது. மசாஹிரோ ஹசெமி அந்தக் காரைத் தகுதிச்சுற்றில் முன்வரிசை வேகத்தில் ஓட்டி, மோதி, கார் சிதைந்தது. இரவு பகலாக உட்கார்ந்து புதிதாகக் கட்டினார்கள். பந்தயத்தின் அதிவேகச் சுற்று ஹசெமியுடையது என்று முதலில் அறிவிப்பு வந்தது. அது நேரக் கணக்கில் நடந்த பிழை. சில நாட்களில் ஜாக் லஃபீத் பெயருக்குத் திருத்தினார்கள். இருந்தும் பல பட்டியல்களில் ஹசெமியின் பெயர் நெடுங்காலம் நீடித்தது. அன்று கஸுயோஷி ஹோஷினோ பழைய டிரெல் காரில் மழையில் 3-ஆம் இடம் வரை வந்தார். மாற்ற டயர் இல்லாததால் நிறுத்த வேண்டியதாயிற்று. எனக்கு அந்தப் பந்தயத்தில் வலிக்கிற இடம் அதுதான்.

ரோட்டரியும் 170 கிலோவும்

பிரான்ஸில் 24 மணி நேரம் ஓடும் லு மான் கார் பந்தயத்துக்கு முதலில் போன ஜப்பானிய அணி 1973-இன் சிக்மா. அதில் இருந்தது மஸ்டாவின் ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் மேலும் கீழும் போவதற்குப் பதில், முக்கோண வடிவச் சுழலி சுற்றிச் சுற்றி வரும் எஞ்சின் அது. அதன்பின் மஸ்டா பல ஆண்டு போய்ப் போய்த் தோற்று, 1991-இல் 787பி காரில் ஜெயித்தது. ஹெர்பர்ட், வைட்லர், காஷோ மூவரும் 55-ஆம் எண் காரில் 362 சுற்றுகள் ஓட்டினார்கள்.

இந்த வெற்றியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: மஸ்டா ஜெயித்ததால்தான் ரோட்டரியைத் தடை செய்தார்கள் என்று. அப்படியில்லை. 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சின் மட்டும் என்ற விதி முன்னரே முடிவாகியிருந்தது. உண்மையில் தீர்மானித்தது வேறொன்று. அணியின் மேலாளர் தகயோஷி ஓஹாஷி விதியமைப்பாளர்களிடம் விடாமல் பேசி, மெர்சிடிஸும் ஜாகுவாரும் 1,000 கிலோ சுமக்க, மஸ்டா 830 கிலோவில் ஓட அனுமதி வாங்கியிருந்தார். எடை குறைந்தால் எரிபொருளும் பிரேக்கும் டயரும் மிஞ்சும். எரிபொருள் அளவு கட்டுப்படுத்தப்பட்ட பந்தயத்தில் அது பெரிய வரம். முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் கடைசி மணி நேரங்களில் சூடாகி நின்றபோது மஸ்டா அருகிலேயே இருந்தது. ஹெர்பர்ட் களைத்துச் சரிந்து, வெற்றி மேடைக்கே ஏற முடியாமல் போனார். அடுத்த ஜப்பானியக் கார், டொயோட்டா, அங்கே ஜெயிக்க 2018 வரை ஆனது.

தமிழர்களுக்கு இந்த வரலாற்றில் நேரடித் தொடர்பும் உண்டு. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2001-இல் ஜப்பானின் ஃபார்முலா நிப்பான் கார் பந்தயத் தொடரிலும், 2014-இலிருந்து 2018 வரை அதன் வாரிசான சூப்பர் ஃபார்முலாவிலும் ஓட்டினார். 2019-இல் சூப்பர் ஜிடி தொடரில் அவர் ஓட்டியது, ஜப்பானின் முதல் முழுநேர ஃபார்முலா 1 வீரரான சதோரு நகாஜிமாவின் அணிக்கு. அந்த ஆண்டு நவம்பரில் ஃபூஜியில் ஜெர்மனியின் டிடிஎம் பந்தயத் தொடரின் கார்களும் ஜப்பானின் சூப்பர் ஜிடி கார்களும் சேர்ந்து ஓடிய சிறப்புப் பந்தயத்தின் இரண்டாவது போட்டியை அவர் வென்றார்.

ஜப்பான் போக வாய்ப்பு கிடைப்பவர்களுக்கு: 787பி ஹிரோஷிமாவில் மஸ்டாவின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மெக்சிகோவில் ஜெயித்த ஹோண்டாவின் வகைக் காரை மொத்தேகியில் பார்க்கலாம். ஃபூஜி ஸ்பீட்வேயை ஒட்டி 2022-இல் ஒரு மோட்டார் பந்தய அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். அங்கே போனால் பழைய 30 டிகிரி சாய்வில் மிச்சமிருக்கும் துண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.